கூடுதலாய் ஓர் ஒன்று

இரண்டு மணிக்கு மேல்தான் எங்களுக்கு அனுமதி.
இரண்டிலிருந்து நான்குவரை
பலதுறை மருந்தகங்களுக்கு வரிசை எண் தேவைப்படாது
என்று எவரோ கையெழுத்திட்டிருக்கிறார்.

ஈசூன், ஒன்பதாம் மாடி.
சமையல் மேசைமேல் மடிக்கணினி,
பக்கத்தில் ஆடை படிந்த மைலோ.
பதினாறு கிலோமீட்டர் தள்ளி, தை செங்கில்,
மைனா-3 விழித்திருந்தது.

எங்கள் சர்வர்களுக்குப் பறவைப் பெயர்.
இருவாச்சி, மீன்கொத்தி, மைனா.
பெயர் வைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.
பறவைகள் மட்டும் எங்கள் பொறுப்பில்.

நான்கு வருடமாய்ப் பேசுகிறேன் அதனோடு.
கறுப்புத் திரையில் நான் ஒரு வரி, அது ஒரு வரி.
இடம் எவ்வளவு மிச்சம்,
கடைசியாய் எப்போது தூங்கி எழுந்தாய்,
யாரெல்லாம் கதவைத் தட்டினார்கள்
கேட்டால் சொல்லும்.
கேட்காததைச் சொல்லவே சொல்லாது.
இப்படி ஓர் ஆளை வேறெங்கும் பார்த்ததில்லை.
அதையும்தான் பார்த்ததில்லை.

இன்றைய வேலை சின்னது. முகவரி மாற்றம்.
பழையதை எடு, புதியதை எழுது,
வெளியே போக வாசல் எதுவென்று சொல்,
இணைப்பை இறக்கி ஏற்று.
சிக்கல் என்னவென்றால்
எந்த வழியாக இதைச் சொல்கிறேனோ
அந்த வழியைத்தான் மாற்றச் சொல்கிறேன்.
நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிமரம் வெட்டுகிறவனைப்
பார்த்துச் சிரித்தவர்கள் யாரும்
தொலைவிலிருந்து நெட்வொர்க் மாற்றியதில்லை.

பதினாறு, புள்ளி, ஒன்று.
விரல் இன்னொரு முறை விழுந்தது.
எண்டர்.

கர்சர் நின்றது.
பிழை என்றுகூடச் சொல்லவில்லை.
நான் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டு
இல்லாத வாசலைப் பார்த்துத்
திரும்பி உட்கார்ந்துவிட்டது மைனா.
பிங் அனுப்பினேன். போனது.
போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது.

போனில் சியூ லிங்: பின்வாசல் கேபிள் இருக்குமே?
மார்ச் மாதத்திலிருந்து ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது அது.
அவள் ஹொக்கியனில் ஒரு சொல் சொன்னாள்.
நான் தமிழில் சொன்னேன்.
கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

டாக்சியில் ஏறும்போது 2:41.
மத்திய விரைவுச்சாலையில் எங்களைத் தவிர
செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் லாரி ஒன்று.
யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றார் ஓட்டுநர்.
இல்லை, பேச்சு நின்றுபோய்விட்டது என்றேன்.
அவர் வானொலியை அணைத்தார்.

காவலர் ரொஸ்லான் என் அட்டையையும் முகத்தையும்
மாறிமாறிப் பார்த்துவிட்டு
நாற்காலியில் கிடந்த தன் ஜாக்கெட்டைக் கொடுத்தார்.
உள்ளே விசிறிகளின் இரைச்சல்; மார்கழி இந்த ஊருக்கு வந்தால்
இங்கேதான் தங்கும்.

மூன்றாம் வரிசை, இடுப்பு உயரம்.
நினைத்ததைவிட ஒல்லி.
பெயர்ச்சீட்டின் ஓரம் உரிந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.
பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது வழக்கம்போல.
தான் தொலைந்துபோனதாக
அதற்குத் தோன்றியிருக்கவே இல்லை.

தள்ளுவண்டியில் திரையும் விசைப்பலகையும் வந்தன.
வாசலைக் காட்டு என்றேன். காட்டியது: பதினொன்று.
ஓர் ஒன்றை அழித்தேன்.
இறக்கினேன், ஏற்றினேன், பிங்.
அரை மில்லிநொடிகூட ஆகவில்லை பதில் வர.
3:38.

உடனே கிளம்பவில்லை.
அடுக்கின் பின்பக்கம் போனேன்.
மைனா வெளியே தள்ளிய காற்று வெதுவெதுப்பாக இருந்தது.
ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
இரண்டு நிமிடம் நின்றேன்.

எட்டு மணிக்குத் தோ பாயோவில்
யாரோ பொத்தானை அழுத்தியிருப்பார்.
சீட்டு வந்திருக்கும்.
இவ்வளவு பெரிய எண்ணா என்று
சலித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

டாக்சிக் கட்டணத்துக்கான படிவத்தில்
‘காரணம்’ என்று ஒரு கட்டம்.
1 என்று தட்டினேன்.
ஏற்றுக்கொண்டது.

மதியம் கணக்குப் பிரிவிலிருந்து திரும்பி வந்தது:
விளக்கம் போதவில்லை.